ஆறில் ஒன்று

ஆறு கற்களையும் இரண்டு ஆய்வகங்களுக்கும் அனுப்பிப் பார்த்துவிடுவது என்று முடிவானபோது, பட்டறையில் இருந்த ஒருவர்கூட அதைச் சமாதானம் என்று எண்ணவில்லை.

அது வைரத்துக்குப் பட்டை தீட்டும் பட்டறை. நீண்ட கூடம், சுவரோரமாக ஏழு சக்கரங்கள், ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் கழுத்து வளைந்த ஒரு விளக்கு, வடக்குப் பார்த்த சன்னலை ஒட்டி, வெள்ளைத் தாள் விரித்த ஒரு மேசை. அந்த மேசைக்குப் பின்னால் அண்ணி உட்காருவாள். பட்டறையைத் தொடங்கியவரின் மனைவி அவள். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய தம்பி அவளை அண்ணி என்று அழைத்ததைக் கேட்டுச் சக்கரக்காரர்களும், சரக்கு கொண்டுவரும் தரகர்களும் அப்படியே அழைக்கத் தொடங்கி, அவள் பெற்ற மகளைத் தவிர எல்லோருக்கும் அவள் அண்ணியாகிப்போனாள்.

சக்கரங்கள் கொழுந்தனின் பொறுப்பு. கற்கள் அவளுடைய பொறுப்பு. இந்தப் பங்கீட்டைச் செய்துவைத்தவர் இறந்தவர். அதற்காக இருவரும் அவரை மனத்துக்குள் திட்டாத நாளில்லை.

சக்கரத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு கல்லும் முதலில் அண்ணியின் மேசைக்கு வரும். லென்ஸை வலக்கண்ணில் பொருத்திக்கொண்டு, சாமணத்தால் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பட்டையின் நேர்த்திக்கு ஆய்வகம் என்ன தரம் கொடுக்கும் என்பதை ஒரு சிறு சீட்டில் எழுதுவாள். எக்ஸலண்ட் என்றால் கல் வெளியே போகும். வெரிகுட் என்றால் யோசிக்கப்படும். குட் என்பது பெயரளவில்தான் பாராட்டு; அந்தச் சீட்டோடு வரும் கல், தீட்டியவரிடமே திரும்பும். அந்த மேசைக்கு முன்னால் நின்று, 'கொஞ்சம் பார்த்துப் போடுங்க அண்ணி' என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் அதை இரண்டாம் முறை சொன்னதில்லை.

ஆய்வகங்கள் இரண்டு. அவற்றின் மெய்ப்பெயர்களைப் பட்டறையில் யாரும் உச்சரிப்பதில்லை. ஒன்று தாராளம், மற்றொன்று கறார். தாராளம், கல்லின் உயரத்தையும் அகலத்தையும் முக்கியமான கோணங்களையும் அளந்து, அவை வரம்புக்குள் இருந்தால் எக்ஸலண்ட் என்று அச்சடித்து மூன்று நாளில் அனுப்பிவிடும். கறார், ஐம்பத்தேழு பட்டைகளையும் ஒவ்வொன்றாக அளக்கும். ஐந்து வாரம் காக்கவைக்கும். குறிப்பாக, கல்லின் இடுப்பை, அதாவது அதன் அகன்ற விளிம்பை, ஒட்டியிருக்கும் சிறு பட்டைகளை அது விடாது. அவற்றைச் சற்றே சாய்த்துத் தீட்டினால் இடுப்பு தடித்து, கல்லின் எடை குறையாமல் நிற்கும்; ஆனால் விளிம்பில் ஒளி மங்கும். தாராளத்தின் கண்ணுக்கு அந்தச் சாய்வு படுவதில்லை. கறாருக்குப் படும். அண்ணிக்கும் படும்.

சண்டை தொடங்கியது ஒரு காகிதத்தில். கொழுந்தன் அதை வெள்ளைத் தாளின் மேல், அவள் பார்த்துக்கொண்டிருந்த கல்லுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அண்ணி, போன வாரம் குட்னு எழுதித் திருப்பி அனுப்பினீங்களே ஒரு கல்லு, அத நான் சக்கரத்துல ஏத்தல. நேரா தாராளத்துக்கு அனுப்பிட்டேன். படிங்க. எக்ஸலண்ட்."

"தாராளம் கூழாங்கல்ல அனுப்பினாலும் எக்ஸலண்ட்னுதான் எழுதும்."

"உங்க கறாரு?"

"அது பாத்துட்டு எழுதும்."

"ஊரே ஒத்துக்கற காகிதம் இது. இதுக்கு மேல நீங்க ஒரு துண்டுச் சீட்டு எழுதறீங்க. நான் எத நம்பறது?"

"எழுதினவங்களுக்குக் கண்ணு இருக்கான்னு பாத்துட்டு நம்புங்க, தம்பி. காகிதத்தோட அகலத்தப் பாத்து நம்பாதீங்க."

மூன்றாம் சக்கரத்தில் இருந்தவர் வாயை மூடாமல் வேலை செய்பவர்; அதனால் அவருக்கு ரேடியோ என்று பெயர். "ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்னு அடிச்சுக்குங்க," என்றார் அவர். "விளக்கு உடைஞ்சா இந்தப் பட்டறையில புதுசு வாங்கித்தர ஆளில்ல."

"நீ சக்கரத்தப் பாரு," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்த வாரத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

கொழுந்தன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவன் குரல் தாழ்ந்தால்தான் பட்டறை காது கொடுக்கும். "சரி, பேசிட்டே இருந்தா ஆகாது. தட்டுல காத்திட்டிருக்கறதுல ஆறு கல்ல நான் எடுக்கறேன். நீங்க பாத்து, எழுதி, ஒட்டிக் குடுங்க. அந்த ஆறும் தாராளத்துக்கும் போகட்டும், கறாருக்கும் போகட்டும். உங்க சீட்டு கறாரோட ஒத்துப்போச்சுன்னா தாராளத்த அன்னியோட தலைமுழுகிடறேன்."

"ஒத்துப்போகலன்னா?"

"எந்திரிச்சிடுங்க. இந்த நாற்காலியே வேண்டாம். கல்லு சக்கரத்துலேருந்து நேரா ஆய்வகத்துக்குப் போயிடும்."

முப்பத்தோராண்டுகளாக அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. கணவர் இறந்த பதினாறாம் நாளும் அதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுகூடத் தப்பாது," என்றாள் அண்ணி.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆறு பொட்டலங்கள் மேசைக்கு வந்தன. எண்கள் மட்டும் இருந்தன. தீட்டியவர் பெயர் இல்லை. அது கொழுந்தனின் ஏற்பாடு. அண்ணி உதட்டோரத்தில் சிரித்துக்கொண்டாள். பெயரை மறைத்து என்ன பயன்? கையெழுத்தைப் போலத்தான் பட்டையும். இரண்டாவது கல்லைத் தூக்கிய மாத்திரத்தில், "ரேடியோ, இதுவும் சாய்வுதான். எடையக் காப்பாத்தறேன்னு எத்தன தடவதான் சாய்ப்ப? தராசுல போட்டு விக்க இதென்ன உருளக்கிழங்கா?" என்று எல்லோரும் கேட்கும்படி சொல்லி, சீட்டை எழுதி மடித்தாள்.

ஒரு கல்லுக்கு நான்கு நிமிடங்கள். ஐந்தாவது கல்லுக்குப் பதினொன்று ஆயின. அதைத் தாளில் வைத்தாள், மீண்டும் எடுத்தாள், விளக்கை நகர்த்தினாள், விளக்கையே அணைத்துவிட்டுச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு லென்ஸைக் கழற்றித் துடைத்தபடி, எழுதாமலே தலையை நிமிர்த்தினாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். ஆறுல ஒண்ணு போகலாம்னு வச்சுக்குவோம். மனுஷக் கண்ணுதான."

சக்கரங்களின் மேல் குனிந்திருந்த தலைகள் திரும்பின. மனிதக் கண் என்ற சொல்லை அண்ணியின் வாயிலிருந்து அந்தக் கூடம் அதுவரை கேட்டதில்லை.

கொழுந்தன் பெருந்தன்மையாகத் தலையசைத்தான். "தாராளமா. ஒண்ணு என்ன, வேணும்னா ரெண்டு எடுத்துக்குங்க."

"ஒண்ணு போதும்."

அவள் எழுதினாள். ஆறு சீட்டுகளும் உறையில் ஒட்டப்பட்டு, கொழுந்தனின் அலமாரிக்குள் போயின.

அந்த ஐந்து வாரங்களும் இருவரும் ஒருவரோடொருவர் மகளின் வழியாகவே பேசிக்கொண்டார்கள். மகளுக்கு வயது முப்பத்தாறு. ஐந்தாம் சக்கரம் அவளுடையது. "உங்கம்மாகிட்ட சொல்லு, தரகர் வராரு" என்பான் சித்தப்பா, அம்மா எட்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே. "அவரு வந்தா வரட்டும்னு உங்க சித்தப்பாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. "எனக்கு ரெண்டு காதுதான் இருக்கு, அதுவும் சக்கரத்துக்கு வேணும்" என்று மகள் குனிந்துகொள்வாள். அவளுக்கும் சித்தப்பாவுக்கும் தனியாக ஒரு கணக்குத் தீராமல் இருந்தது. அந்த ஆண்டில் அவளுடைய கற்களில் இரண்டுக்கு அண்ணியே குட் என்று சீட்டு எழுதியிருந்தாள். "உங்கம்மா கையால இன்னொரு குட் வாங்கினேன்னா பொட்டலம் கட்டற மேசைக்கு மாத்திடுவேன். உறவு வேற, சக்கரம் வேற," என்று பந்தயத்துக்கு முன்பே அவன் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தான்.

கறாரின் உறை வந்த அன்று கொழுந்தன் அண்ணியின் மேசையையே கேட்டு வாங்கிக்கொண்டான். தாராளத்தின் ஆறு காகிதங்களை ஒரு வரிசையாகவும், கறாரின் ஆறு காகிதங்களை அதற்குக் கீழே இன்னொரு வரிசையாகவும் அடுக்கினான். மேல்வரிசையைப் படிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆறும் எக்ஸலண்ட்.

"பாத்தீங்களா, எவ்வளவு நல்ல மனசு," என்றார் ரேடியோ. "இந்த மாதிரி ஒரு வாத்தியார் எனக்குக் கிடைச்சிருந்தா நான் இங்க ஏன் உக்காந்திருக்கேன்?"

கொழுந்தன் அண்ணியின் உறையைக் கிழித்து, சீட்டுகளைக் கறாரின் காகிதங்களுக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்துப் படித்தான்.

"ஒண்ணு. கறாரு வெரிகுட். அண்ணி வெரிகுட். ரெண்டு. கறாரு குட். அண்ணி குட்."

"அது என்னுது. உருளக்கிழங்கு," என்றார் ரேடியோ.

"மூணு. எக்ஸலண்ட், எக்ஸலண்ட். நாலு. வெரிகுட், வெரிகுட்." அவன் குரலில் இருந்த சுருதி கல்லுக்குக் கல் இறங்கிக்கொண்டே வந்தது. "அஞ்சு. கறாரு குட். அண்ணி..." நிறுத்தினான். "அண்ணி எக்ஸலண்ட்."

அவன் ஆறாவதை எடுத்தான். "ஆறு. வெரிகுட், வெரிகுட். அஞ்சு சரி, ஒண்ணு தப்பு. ஜெயிச்சிட்டீங்க, அண்ணி."

"தாராளத்துக்கு இன்னிக்கே கடிதம் எழுதிடுங்க," என்றாள் அண்ணி. சீட்டுகளை ஒழுங்காக அடுக்க அவள் கை நீட்டியபோது, கொழுந்தன் இரண்டாவது காகிதத்தையும் ஐந்தாவது காகிதத்தையும் மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் கறார் காரணத்தை ஒரு வரியில் எழுதியிருந்தது. அவன் ஒன்றைப் படித்தான், மற்றதைப் படித்தான், மறுபடியும் முதலாவதைப் படித்தான்.

"ரெண்டுலயும் ஒரே குத்தம். இடுப்போரப் பட்டையில சாய்வு. ரெண்டாவதத் தூக்கின உடனே கண்டுபிடிச்சு, கூடமே கேக்கறாப்புல கத்தினீங்க. அஞ்சாவத பதினோரு நிமிஷம் பாத்தீங்க. விளக்கப் போட்டுப் பாத்தீங்க, அணைச்சுப் பாத்தீங்க. அதுல மட்டும் தெரியலயா?"

"மனுஷக் கண்ணுன்னு அன்னிக்கே சொன்னேன்."

"சொன்னீங்க. எப்பச் சொன்னீங்க? நான் பந்தயம் சொன்னப்ப ஒண்ணுகூடத் தப்பாதுன்னீங்க. மொத நாலு கல்லு வரைக்கும் அதே பேச்சுதான். அஞ்சாவதப் பாத்து முடிச்சதும் ஆறுல ஒண்ணு கேட்டீங்க." அவன் காகிதத்தை மடித்தான். "அந்த ஒண்ணு யாருக்குன்னு தெரிஞ்சுதான கேட்டீங்க, அண்ணி?"

சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஐந்தாம் சக்கரம் கடைசியாக நின்றது.

"சித்தப்பா, அந்த அஞ்சாவது என்னுது," என்றாள் மகள்.

"தெரியும்மா. உங்கம்மாவுக்கும் தெரியும்."

மகள் எழுந்து மேசைக்கு எதிரே வந்து நின்றாள். விரல்களில் எண்ணெயும் கருந்தூளும் ஒட்டியிருந்தன. வெள்ளைத் தாளின் மேல் கையை ஊன்றக்கூடாது என்பது அந்தப் பட்டறையின் சட்டம், அவள் ஊன்றினாள்.

"நீ பாத்தியா?"

யாரும் கேட்காதபோது சீட்டில் ஒரு பொய்யை எழுத முடிந்தவளுக்கு, நேருக்கு நேர் கேட்டபோது பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பாத்தேன்."

"ஒரு காரட்டுக்குக் கீழ எறங்கினா வெல விழுந்துடுமேன்னு சாய்ச்சேன். அதிகமாப் போயிடுச்சோன்னு சந்தேகமாத்தான் இருந்துச்சு. அம்மா பாக்கும்ல, பாத்தா சொல்லிடும்ல, அப்படீன்னுதான் தட்டுல வச்சேன்."

"மூணாவது குட் நான் எழுதியிருந்தா உன்ன எழுப்பிப் பொட்டலம் கட்ட உக்கார வச்சிருப்பாரு."

"கட்டிட்டுப் போறேன். அதுக்காக?" மகளின் குரல் உடையவில்லை; கூர்மையாகிக்கொண்டே போனது. "ரேடியோ அண்ணனக் கூடத்துக்கு நடுவுல வச்சுத் திட்டின. அதே தப்புக்கு எனக்கு எக்ஸலண்ட் போட்ட. அப்ப இத்தன வருஷமா நான் உன்கிட்ட வாங்கினதுல எது என்னுது, எது நீயாப் போட்டது?"

"இந்த ஒண்ணுதான்."

"அத இப்ப யாரு நம்பறது?"

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். வெற்றி பெற்ற மனிதனின் முகத்தை அவள் எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் அருவருப்புத்தான் இருந்தது.

"பேச்சு பேச்சுதான்," என்றான் அவன். "தாராளத்துக்கு எழுதிடறேன். நாற்காலியும் உங்களுதுதான், ஆயுசுக்கும் உக்காந்துக்குங்க. இவளையும் எங்கயும் மாத்தல. தப்புப் பண்ணினத தப்புன்னு சொல்ற ஆளு பட்டறையில ஒருத்தராவது வேணும்."

ஆக, அந்தப் பொய்க்குத் தேவையே இருந்திருக்கவில்லை. அதை எண்ணி வருந்துவதற்கும் அண்ணிக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. அடுத்த கல் மேசைக்கு வந்துவிட்டது.

கற்கள் முன்போலவே வந்தன. சீட்டுகளும் முன்போலவே எழுதப்பட்டன. அவற்றைப் படிப்பவர்களின் முகம்தான் மாறியிருந்தது. முன்பு சீட்டை வாங்கியதும் மூச்சை அடக்கிக்கொண்டு பிரிப்பார்கள். இப்போது பார்க்காமலே சட்டைப்பையில் செருகிக்கொண்டார்கள். "எழுதுங்க அண்ணி, உங்க மனசுக்கு எது படுதோ எழுதுங்க," என்றார் ரேடியோ. அவர் அதைக் கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவை அவளால் தாங்க முடியவில்லை. "கல்லப் பாத்துத்தான் எழுதுவேன். உன் மூஞ்சியப் பாத்து எழுத மாட்டேன்," என்றாள். "அதுசரி, நான் உங்க மக இல்லியே," என்று அவர் போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து மகளின் கல் ஒன்று வந்தது. எடை ஒரு காரட்டுக்கு மேல் ஒரு சென்ட், அதாவது காரட்டில் நூறில் ஒரு பங்கு.

அண்ணி முற்பகல் முழுவதையும் அந்த ஒரு கல்லுக்கே கொடுத்தாள். குற்றம் இருக்கவேண்டும் என்றே தேடினாள். இருந்தால் உரக்கச் சொல்லி, பெரிய எழுத்தில் எழுதி, எல்லோர் முன்னிலையிலும் மகள் கையில் கொடுத்துவிடலாம். மேல்தளத்தின் எட்டு முனைகளும் சரியாகக் கூடியிருந்தன. இடுப்பை ஒட்டி மேலே பதினாறு, கீழே பதினாறு. முப்பத்திரண்டையும் எண்ணி எண்ணிப் பார்த்தாள். ஒன்றிலும் சாய்வில்லை. அந்தக் கூடத்திலிருந்து அதைவிடத் திருத்தமான கல் அந்த ஆண்டில் வெளியே போனதில்லை. சீட்டில் எக்ஸலண்ட் என்று எழுதினாள்.

மகள் வந்து சீட்டைப் பிரித்தாள். "எங்க தப்பு?"

"தப்பே இல்ல. கறாருக்கு அனுப்பு."

"இடுப்போரம்?"

"எல்லாம் நேரா இருக்கு."

"அப்படித்தான் போன தடவையும் எழுதின." மகள் மேசையிலிருந்த லென்ஸைக் கேட்காமல் எடுத்துக் கண்ணில் வைத்தாள். கல்லைத் திருப்பினாள். "இது சாஞ்சிருக்கு. இதோ, இதுவும்."

"சாயல. உன் தலையோட நிழல் விழுது. விளக்கத் தள்ளி வச்சுப் பாரு."

"எனக்குன்னா உனக்கு எல்லாமே நிழல்தான்."

"சொன்னாக் கேளு. தொட்டேன்னா கெட்டுடும்."

மகள் கல்லை எடுத்துக்கொண்டு ஐந்தாம் சக்கரத்தை நோக்கி நடந்தாள். முப்பத்தோராண்டுகளில் செய்யாத ஒன்றை அண்ணி செய்தாள்: கொழுந்தனைத் துணைக்கு அழைத்தாள்.

"தம்பி, அவள நிறுத்துங்க. அந்தக் கல்லு சரியா இருக்கு. சத்தியமா சரியா இருக்கு."

கொழுந்தன் வந்து, மேசையில் கிடந்த சீட்டை எடுத்துப் படித்தான். சக்கரத்தில் குனிந்திருந்த மகளைப் பார்த்தான். "எழுதினது நீங்கதான?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சீட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டான்.

சக்கரம் சுழன்றது. கல் அதில் இறங்கும்போது எழும் மெல்லிய கீச்சொலியை அண்ணி அறிவாள். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு முறை அது எழும். ஐந்து முறை எழுந்தது. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்தையும் கேட்டாள்.

மதியத்துக்குப் பிறகு கல் மீண்டும் மேசைக்கு வந்தது. எடை இப்போது ஒரு காரட்டுக்குக் கீழே இரண்டு சென்ட் இறங்கியிருந்தது. தொட்ட ஐந்து பட்டைகளும் தொடாதவற்றோடு இசையாமல், விளிம்பின் ஒரு பக்கத்தில் ஒளி ஒருச்சாய்த்து நின்றது. அண்ணி நான்கு நிமிடங்கள் பார்த்தாள். புதிய சீட்டை எடுத்து, வெரிகுட் என்று எழுதி நீட்டினாள்.

மகள் அதை அங்கேயே நின்று பிரித்துப் படித்தாள்.

"இப்பத்தான் ஒழுங்கா எழுதியிருக்க," என்றாள்.